நாய் கட்டில்ல படுத்தா கோயிலுக்கு வரக்கூடாதா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சிட்டு, அப்புறம் திட்டணும்னா திட்டுங்க.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்கால பூசைக்கு முன்னால, பூ கட்டுற இடத்துல நடந்தது உங்கள்ல சில பேருக்குத் தெரியும். பல வருஷமா மாலை கட்டிக் கொடுக்கிற ஒரு அக்கா, பேச்சுவாக்கில "எங்க வீட்டு நாய் ராத்திரி என் கட்டில்லதான் படுக்கும், கால்மாட்டுல" என்று சொன்னாங்க. உடனே எங்க தொண்டூழியர் பக்கத்தில இருந்து, "நாயோட படுத்து எழுந்திரிச்சு வந்தா சாமிக்குப் பூ கட்டுறீங்க?" என்று ஒரு வார்த்தை போச்சு. யார் சொன்னதுன்னு தேட வேண்டாம். சொன்னது நாங்கதான். வாயைத் திறக்காதவங்களும் தலையை ஆட்டினோம். அக்கா எதுவும் பேசல. கையில இருந்த நாரைத் தட்டுல வச்சாங்க, பாதி கட்டின மாலையை நகர்த்தி வச்சாங்க, எழுந்து போயிட்டாங்க. அதுக்கப்புறம் நாலு வெள்ளி போச்சு. அவங்க வரல.

அதே மாசத்தில இன்னொன்னும் நடந்தது. ஞாயித்துக்கிழமை விடியக்காலை கோயில் கேட்டைத் திறக்கப் போனப்ப, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு நாயைக் கட்டிப் போட்டிருந்தாங்க. கழுத்துல சிவப்புப் பட்டை. பக்கத்துல பாதி தீர்ந்த சாப்பாட்டுப் பாக்கெட்டு. தெரு நாய் இல்ல, வளர்த்த நாய். யாரோ காடியில கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. கோயில்ல விட்டா எப்படியும் சோறு கிடைக்கும்னு ஒரு நினைப்பு போல.

அந்த நாய்க்கு சிமெண்டுத் தரையில படுக்கத் தெரியல. அன்னதான மண்டபத்துல சுருட்டி வச்சிருந்த கம்பளத்து மேல ஏறிச்சு. விரட்டினோம். பிளாஸ்டிக் நாற்காலி மேல ஏறிச்சு. அதுலயும் விரட்டினோம். திருவிழா வேலைக்காக அன்னிக்கு ராத்திரி நாங்க சில பேர் கோயில்லயே தங்கினோம். நடுராத்திரி பார்த்தா, அது மெதுவா வந்து, மெத்தை ஓரத்துல தலையை மட்டும் வச்சு, எங்களைப் பார்த்துக்கிட்டு நிக்குது. அப்பதான் புரிஞ்சது. இது ஏதோ ஒரு வீட்டுல கட்டில்ல படுத்து வளர்ந்த நாய்.

இப்ப கேட்கிறோம். இந்த ரெண்டுல எது பாவம்? நாயைக் கட்டில்ல படுக்க வச்சு, அதுக்குச் சோறு போட்டு, கடைசி வரைக்கும் பார்த்துக்கிறதா? இல்ல, கட்டில்ல படுக்க வச்சு ஆசையா வளர்த்துட்டு, அலுத்துப் போனதும் சாமி வாசல்ல கட்டிட்டுப் போறதா? முதல் ஆளை நாங்க வாய்க்கு வந்தபடி பேசி விரட்டினோம். ரெண்டாவது ஆள் ஒருவேளை அன்னிக்கு வரிசையில நின்னு அர்ச்சனைச் சீட்டு வாங்கியிருப்பார். யாருக்குத் தெரியும்?

நம்ம சமயத்துல நாய்க்கு இடம் இல்லாம இல்ல. பைரவர் சன்னதியில கும்பிடுறோம், அவர் வாகனம் எது? தேய்பிறை அஷ்டமிக்கு வடைமாலை சாத்த வரிசையில நிக்கிறோமே, அவர் பின்னால நிக்கிறது எது? பல சிவன் கோயில்கள்ல ராத்திரி நடை சாத்தினதும் சாவியைப் பைரவர் முன்னால வைக்கிற வழக்கம் உண்டு. கோயிலுக்கே காவல் அவர்தான்.

மகாபாரதத்துல தருமர் கடைசியா இமயமலை ஏறிப் போற கதை எல்லாருக்கும் தெரியும். தம்பிமாரும் திரௌபதியும் ஒவ்வொருத்தரா விழுந்துட்டாங்க. கூடவே வந்தது ஒரு நாய் மட்டும். இந்திரன் ரதத்தோட வந்து, நாயை விட்டுட்டு ஏறுன்னு சொல்றான். நம்பி வந்ததை விட்டுட்டு எனக்குச் சொர்க்கம் வேணாம்னு தருமர் நிக்கிறார். அந்த நாய்தான் தர்மதேவதை. இந்தக் கதையில ஒரு விஷயத்தைக் கவனிங்க. தருமர் அந்த நாயை மடியில வச்சுக் கொஞ்சினார்னோ, பட்டு மெத்தையில படுக்க வச்சார்னோ கதை சொல்லல. கைவிடலன்னுதான் சொல்லுது.

எங்க ஃபேக்டரியில நேப்பாளத் தம்பிங்க நிறைய பேர் வேலை செய்றாங்க. நம்ம தீபாவளி வர்ற அதே சமயத்துல அவங்களுக்கு திஹார், அஞ்சு நாள் பண்டிகை. அதுல ரெண்டாம் நாள் நாய்க்குன்னே ஒதுக்கினது, குக்குர் திஹார்னு பேரு. நாய்க்கு மாலை போட்டு, நெத்தியில சிவப்புத் திலகம் வச்சு, நல்ல சாப்பாடு போடுவாங்க. ஊர்ல பிள்ளைங்க அனுப்பின வீடியோவை ராத்திரி ஷிப்ட் டீ நேரத்துல காட்டுவாங்க. அவங்களும் இந்துக்கள்தான். அவங்க நெத்தியில பொட்டு வைக்கிறதை, நாங்க தீட்டுன்னு சொல்லிப் பூத்தட்டுல இருந்து ஒரு அம்மாவை எழுப்பி விட்டோம்.

அப்படின்னா சுத்தம் முக்கியம் இல்லையான்னு கேட்பீங்க. முக்கியம்தான். காளத்தியில கண்ணப்பர் வாயில தண்ணி கொண்டுவந்து அபிஷேகம் பண்ணினார், மாமிசம் படைச்சார். சாமி ஏத்துக்கிட்டார். ஆனா தினமும் வந்து அந்த இடத்தைக் கழுவிச் சுத்தம் பண்ணின சிவகோசரியாரையும் சாமி தள்ளிவிடல. கனவுல வந்து, கண்ணப்பரோட அன்பை நீயும் வந்து பாருன்னுதான் சொன்னார். ரெண்டு பேருக்கும் அங்க இடம் இருந்தது.

அதனால கோயிலுக்கு எங்க கருத்து இதுதான். குளிச்சு, துவைச்ச துணி உடுத்தி வந்தாங்களா? அது போதும். ராத்திரி கட்டில்ல யார் படுத்தாங்கன்னு கேட்க எங்களுக்கு என்ன உரிமை? கைக்குழந்தை மெத்தையை நனைச்சிடுச்சான்னு எந்தத் தாயையாவது நிறுத்திக் கேட்கிறோமா? துணியில நாய் முடி ஒட்டியிருந்தா, "அக்கா, முடி இருக்கு பாருங்க, தட்டிவிட்டு வாங்க" என்று காதோட சொன்னா முடிஞ்சது. பத்து பேர் முன்னால சொல்றதுக்கு என்ன இருக்கு?

சரி, கோயில் விஷயம் அது. வீட்டு விஷயத்துக்கு வருவோம். நாயைக் கட்டில்ல படுக்க விடலாமா, வேணாமா? இதுல எங்களுக்கு ஒரு முடிவு உண்டு. ஏன்னா, அந்தச் சிவப்புப் பட்டை நாய் இப்ப எங்க வீட்டுலதான் இருக்கு. ரெண்டு வாரம் கேட்டுப் பார்த்தோம், யாரும் தேடி வரல.

முதல் நாள் ராத்திரியே அது நேரா எங்க அம்மா கட்டில்ல ஏறிடுச்சு. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, இனிப்பு நீர் வியாதி, கால் விரல்ல ஆறாத புண். நாய் போய் அந்தக் காலை நக்குது. அம்மா சிரிச்சுக்கிட்டு, "விடுப்பா, அதுக்குப் பாசம்" என்கிறாங்க. நாய் நக்கினா புண் ஆறும்னு தோட்டத்துல அந்தக் காலத்து ஆளுங்க சொல்வாங்க. அது தப்பு. நாய் எச்சில்ல இருக்கிற சில கிருமிகள் புண் வழியா ரத்தத்துல கலந்தா ஆபத்து. இனிப்பு நீர் இருக்கிறவங்களுக்கு அது இன்னும் மோசம். கால் எடுக்கிற அளவுக்குப் போன ஆளுங்களை நம்ம தாமான்லயே பார்த்திருக்கோம். அன்னிக்கே முடிவு பண்ணினோம், அம்மா கட்டில்ல நாய் கிடையாது.

அப்புறம் எங்க கட்டில். அதுக்கும் கிடையாதுன்னு முடிவாச்சு. ஷிப்ட் வேலை செய்ற வீட்டுல தூக்கம்தான் சொத்து. 2017ல் வெளியான ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவில மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள், நாய் வளர்க்கிற 40 பேருக்கும் அவங்க நாய்களுக்கும் அசைவை அளக்கிற கருவியைக் கட்டிப் பார்த்தாங்க. நாய் அதே அறையில, ஆனா கட்டிலுக்குக் கீழே படுத்தா தூக்கம் நல்லாவே இருந்தது. கட்டில் மேல ஏறிப் படுத்தப்ப கொஞ்சம் குறைஞ்சது. பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா காலையில மெஷின் முன்னால நிக்கிறவனுக்கு அந்தக் கொஞ்சமும் வேணும். அதோட நாயோட உடம்புச் சூடு 38, 39 டிகிரி வரை இருக்கும், நம்ம சூட்டை விட அதிகம். குளிர் நாட்டுக்காரங்களுக்கு அது இதமா இருக்கலாம். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அது எதுக்கு?

மூணு ராத்திரி கதவைப் பிராண்டிச்சு, முனகிச்சு. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமேன்னு பயந்துக்கிட்டே இருந்தோம். நாலாவது நாள் வீட்டுக்காரம்மா ஒரு பழைய தோத்தோவை மடிச்சு, எங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே தரையில போட்டாங்க. கட்டில்ல இருந்து கையைத் தொங்கவிட்டு அது தலை மேல வச்சாங்க. தூங்கிடுச்சு. அன்னையில இருந்து அதுதான் அதோட இடம். அதுக்குப் பக்கத்துல ஆள் இருந்தா போதும்.

இது எங்க வீட்டு முடிவு. உங்க வீட்டுக்கு இதுவேதான்னு சொல்ல வரல. தனியா இருக்கிறவங்க இருக்காங்க. கட்டில்ல ஒரு பக்கம் காலியானதுக்கப்புறம் ராத்திரி எப்படிப் போகும்னு அவங்களுக்குத்தான் தெரியும். கால்மாட்டுல ஒரு உயிர் மூச்சு விடுறது அவங்களுக்குத் தைரியம். உடம்பு நல்லா இருந்து, நாயும் ஆரோக்கியமா இருந்தா, வச்சுக்கட்டுமே. ஆனா சில வேலைகளைத் தவறாம செய்யணும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து. உண்ணிக்கும் தெள்ளுப் பூச்சிக்கும் மாசாமாசம் மருந்து, நம்ம சூட்டுக்கு உண்ணி வருஷம் பூரா இருக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு பக்கமும், 2017ல் சரவாக்கிலயும் அந்த நோய் வந்ததை மறந்துடாதீங்க. நகராண்மைக் கழக லைசென்ஸ் எடுங்க. படுக்கை விரிப்பை வாரம் ஒரு தடவை சுடுதண்ணியில துவைங்க. சின்னக் குழந்தை, இழுப்பு நோய்க்காரங்க, ஆறாத புண் இருக்கிறவங்க, புற்றுநோய் சிகிச்சையில இருக்கிறவங்க படுக்கிற கட்டில்ல நாய் வேணவே வேணாம். சாமி அலமாரி இருக்கிற அறையிலேயே படுக்கிறவங்களும் நாய்க்கு வேற இடம் பாருங்க.

எல்லாத்தையும் விட முக்கியமானது ஒன்னு இருக்கு. குட்டி வீட்டுக்கு வர்ற முதல் நாளே முடிவு பண்ணுங்க. இன்னிக்குக் கட்டில்ல ஏத்திட்டு, நாளைக்குப் பிள்ளை பிறந்ததும் வெளியில சங்கிலியில கட்டினா அதுக்குப் புரியாது. தான் என்ன தப்பு பண்ணினோம்னு ராத்திரி பூரா கதவைப் பார்த்துக்கிட்டு இருக்கும். நாய் பத்து, பதினஞ்சு வருஷம் வாழும். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து யோசிங்க. முடியாதுன்னா முதல் நாளே ஏத்தாதீங்க, தரையில ஒரு தோத்தோ போடுங்க. அதுவும் முடியாதுன்னா வளர்க்கவே வேணாம். அதுல ஒன்னும் குறைச்சல் இல்ல.

தயவுசெஞ்சு நாயையும் பூனையையும் கோயில் வாசல்ல விட்டுட்டுப் போகாதீங்க. எங்களால பார்க்க முடியறது ஒன்னு ரெண்டுதான். மத்தது ரோட்டுக்குப் போய் லோரியில அடிபடுது. காலையில அதை அள்ளிப் போடுறவங்களும் இதே தொண்டூழியர்கள்தான். பைரவரை வேண்டிக்கிட்டு அவர் வாகனத்தை அவர் வாசல்லயே கைவிடுறது எந்த ஊர் பக்தி?

கடைசியா, அந்த அக்காவுக்கு. இதை நீங்க படிக்கலைன்னாலும் தெரிஞ்சவங்க யாராவது காட்டுவாங்கன்னு நம்புறோம். பத்து பேர் முன்னால பேசினோம், அதனால மன்னிப்பையும் எல்லார் முன்னாலயும் கேட்கிறோம். தப்பு எங்களோடது. போன வாரம் உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தோம். உள்ள நாய் குலைச்சது. கூப்பிட வெட்கமா இருந்தது, திரும்பிட்டோம். இந்த வாரம் வந்து கட்டாயம் கூப்பிடுவோம்.

நீங்க பாதியில விட்ட மாலையை அன்னிக்கு நாங்க கட்டி முடிச்சோம். கோணலாத்தான் வந்தது. குருக்கள் ஐயா ஒன்னும் சொல்லாம சாத்தினார். இந்த வெள்ளி நாரும் பூவும் தட்டுல இருக்கும். வாங்கக்கா.

பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

பைரவர் துணை. ஓம் நமசிவாய.