அசோசியேஷன் பதவி: ‘நமக்கேன் வம்பு’ என்று ஒதுங்கலாமா?

லிஃப்ட் நின்றுவிட்டால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் மெசேஜ் மழை கொட்டும். அதே குழுவில், ‘ஞாயிறு பொதுக்குழு, புது செக்ரட்டரி தேவை’ என்று போட்டுப் பாருங்கள். நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில், வழக்கம்போல ரிட்டையர் ஆன ஒருவர் தலையில்தான் அந்த வேலை விழும்.

சென்னையின் பல அடுக்ககங்களில் இதுதான் கதை. இருபது வருஷக் கடன் போட்டு வீடு வாங்கும் இளம் தலைமுறை, அந்த வீட்டை நிர்வகிக்கும் இடத்தில் மட்டும் இல்லை. ‘டைம் இல்ல’, ‘நமக்கேன் வம்பு’ என்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ஆனால் ஒதுங்கி நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

பணம் யாருடையது?

ஃபிளாட் வாங்குபவர் நான்கு சுவரை மட்டும் வாங்குவதில்லை. மனையில் பிரிக்கப்படாத பங்கு, மொட்டை மாடி, போர்வெல், படிக்கட்டு எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட முன்பு எல்லா உரிமையாளர்களின் சம்மதமும் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும். பில்டரோடு பேரம் பேசும் மேஜையில் இல்லாதவர், பேசி முடித்ததைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

புதுக் கட்டடம் என்றாலும் வேலை இருக்கிறது. வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்கிறது 2016-ன் ரெரா சட்டம். விரிசலைப் படம் எடுத்து, தேதி போட்டு, கடிதம் அனுப்ப ஆள் இல்லாவிட்டால் அந்த 5 ஆண்டும் சும்மா ஓடிப்போகும். அப்புறம் செலவு எல்லோர் தலையிலும்தான்.

உயிரும் இருக்கிறது

செப்டிக் டேங்க் நிரம்பினால், ‘ரெண்டு பேர வரச் சொல்லி இறக்கிடலாம்’ என்ற பேச்சு இன்னும் வருகிறது. உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ன் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கழிவுநீர்க் குழியில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘மெஷின் வந்தாதான் மூடியைத் திறப்போம்’ என்று கறாராகச் சொல்ல கமிட்டியில் ஒருவர் இருந்தால், ஒரு குடும்பம் தப்பிக்கும்.

கோபம் மட்டும் போதாது

பேச்சிலருக்கு வீடு கிடையாது, வீட்டு வேலைக்கு வரும் அக்கா லிஃப்டில் ஏறக் கூடாது போன்ற விதிகளைப் பார்த்து இளைஞர்கள்தான் அதிகம் கொதிக்கிறார்கள். அந்த விதிகள் போடப்பட்ட கூட்டத்துக்குப் போகாதவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். ஸ்டேட்டஸ் போட்டு விதியை மாற்ற முடியாது, ஓட்டுப் போட்டு மாற்றலாம்.

அதற்காக ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. அப்படிச் சுமப்பதால்தான் ஒன்று, அவர் வெறுத்துப் போகிறார். இல்லை, நாற்காலியை விட மறுக்கிறார். தண்ணீர் ஒருவருக்கு, லிஃப்ட் ஒப்பந்தம் ஒருவருக்கு, கணக்கு ஒருவருக்கு எனப் பிரித்து, ஒரு வருஷம் மட்டும் என்று வரம்பு வைக்கலாம். பெரிய வேலைக்கு மூன்று கொட்டேஷன், செக்கில் இரண்டு கையெழுத்து, மாதாமாதம் குழுவில் வரவு செலவு. இவ்வளவு இருந்தால் பாதிச் சண்டை குறையும். ஆபீஸில் தினமும் ஷீட் போட்டு பட்ஜெட் பார்ப்பவர்களுக்கு இது பெரிய வித்தையும் இல்லை.

பதவிக்கு வராதவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மெயின்டனன்ஸை நேரத்துக்குக் கட்டுவது, ராத்திரி பதினோரு மணிக்கு செக்ரட்டரிக்கு போன் போடாமல் இருப்பது. சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பவருக்கு இந்த மரியாதைகூட இல்லையென்றால், அடுத்த வருஷம் அந்த நாற்காலிக்கு யாரும் வரமாட்டார்கள்.