ஆறிய காலும் ஏறும் மலையும்

மலைமேல் குடிகொண்ட தெய்வங்களைத் தரிசிக்கும் ஆவல் வயதோடு குறைவதில்லை. கணுக்காலிலோ முழங்காலிலோ அடிபட்டுப் பல வாரங்கள் வீட்டோடு இருந்தவர்க்கு அது இன்னும் பெருகுகிறது. கட்டுப் பிரித்தாயிற்று, வலியும் இல்லை, இந்தப் பௌர்ணமிக்குப் பர்வதமலை போய் வரலாமா என்று பட்டாபிராமத்து அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. வலி நின்றது என்பது வேறு. கால் மலைக்குத் தயார் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை எவ்வாறு கழிப்பது என்பதே இவ்வாரச் சிந்தனை.

நமக்கு அண்டையூரான திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார் நாயனார். கோயில் கட்டப் பொருள் கிட்டாமையால் மனத்துக்குள்ளேயே ஆலயம் எழுப்பினார். மனத்தில்தானே என்று ஒரே நாளில் முடித்துவிடவில்லை. நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டு, ஒவ்வொரு நிலையாக உயர்த்தி, சிகரம் வைத்து, குளமும் மதிலும் அமைத்த பின்னரே குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அடிபட்ட காலைத் தேற்றுவதும் அப்படிப்பட்ட திருப்பணியே.

சில வாரம் அசையாதிருந்த காலில் தசை மெலிந்துவிடும். ஒற்றைக் காலில் நிலைத்து நிற்கும் திறனும் குறையும். ஆகவே முதலில் எலும்பு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். பிறகு இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சிகள்: சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, சமதளத்தில் நடப்பது. மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது மிகை என்று பொருள். அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வங்கியில் பணியாற்றிய எனக்குத் தொடர் வைப்புக் கணக்கே நினைவுக்கு வருகிறது. சிறுகச் சேர்த்ததை முதிர்வுக்கு முன் எடுத்தால் நட்டம் நமக்கே.

அடுத்தது படிகள். நம் தடத்து மின்சார ரயிலிலேயே சென்றடையக்கூடிய திருத்தணியில் 365 படிகள். ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர். டிசம்பர் 31 அன்று படிக்குப் படி பூசை நிகழும். முதல் முறை 50 படிகள் ஏறி, அங்கிருந்தே சிகரத்தை வணங்கித் திரும்பினாலும் குறைவில்லை. வாகனச் சாலை இருப்பதால் தரிசனமும் தடைப்படாது. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். 365 படிகள் சிரமமின்றிக் கைவந்த பிறகு சோளிங்கரின் 1,305 படிகளை எண்ணலாம். அங்கே 2024 முதல் கம்பிவட ஊர்தியும் உண்டு. ஏறிச் சென்று ஊர்தியில் இறங்குவது மூட்டுக்கு மிக நல்லது.

ஏனெனில் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில்தான் மூட்டு நோகும். இறங்குகையில் தொடையின் முன்தசை நீண்டபடியே உடற்சுமையைத் தாங்குகிறது. இளைஞர்கள் ஓட்டமாய் இறங்குவதைக் கண்டு நாமும் விரைதல் ஆகாது. வெள்ளியங்கிரி அடியார்கள் ஊன்றும் மூங்கில் தடி வெறும் சடங்கன்று. முழங்காலின் பாரத்தை அது பங்கிட்டுக்கொள்கிறது.

போளூரை அடுத்த பர்வதமலையோ படியோடு முடிவதில்லை. மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளிய உச்சியை நெருங்குகையில், பாறையில் அடித்த கடப்பாரைகளையும் சங்கிலிகளையும் பற்றி ஏற வேண்டும். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் ஊன்றியிருக்க, ஒன்று மட்டுமே நகர வேண்டும் என்பது மலையேறுவோர் விதி. அடிபட்ட கால் தனியே உடலைத் தாங்காத வரை அப்பாதை நமக்குரியதன்று. அறுபதைக் கடந்தோர் இதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

2011 ஏப்ரலில் ஓடும் ரயிலிலிருந்து தள்ளப்பட்டு இடக்காலை இழந்தவர் அருணிமா சின்கா. செயற்கைக் காலுடன், பச்சேந்திரி பால் வழிகாட்டப் பயின்று, 2013 மே 21 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அவரது மனவுறுதியை எல்லோரும் போற்றுகிறோம். இடையில் கழிந்த இரண்டு ஆண்டுப் பயிற்சியையும் சேர்த்தே போற்ற வேண்டும்.

நேர்ந்துகொண்ட நாள் தவறிவிடுமே என்று சிலர் அஞ்சுவர். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் தோன்றி, பூசலார் ஆலயத்துக்கு நாளை நாம் எழுந்தருள வேண்டும், உன் குடமுழுக்கை வேறொரு நாளில் வைத்துக்கொள் என்று பணித்தவர் சிவபெருமானே. மன்னனுக்கே நாளைத் தள்ளிவைத்த இறைவன், நம் கால் தேறும் வரை காத்திருக்க மாட்டாரா? மலை எங்கும் போய்விடாது. அதுவரை பூசலாரைப் போல் மனத்துக்குள் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருப்போம்.