போர்க்களம் காணாதவருக்குக் காயம் இல்லையா?

துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நின்றவருக்குத்தான் பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் வரும், மற்றவர்கள் அதற்காக இழப்பீடு கேட்டால் அது பணம் பறிக்கும் வேலை என்ற எண்ணம் அமெரிக்காவில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. முகாமில் சமைத்தவர், பிணவறையில் பணியாற்றியவர், கப்பலின் அடித்தளத்தில் இயந்திரத்தைக் கவனித்தவர், சொந்த மேலதிகாரியால் சீரழிக்கப்பட்டவர் என எல்லோரையும் இந்த எண்ணம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. பொதுமக்கள் மட்டுமல்ல, முன்னாள் படைவீரர்களில் பலரும் இதை நம்புகிறார்கள். நோயுற்றவர்களே நம்புவதுதான் பெருங்கொடுமை. சண்டைக்கே போகாத தனக்கு மருத்துவம் கேட்க என்ன தகுதி என்று எண்ணி, தூக்கமும் நிம்மதியும் இழந்து ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கிப் போகிறவர்கள் உண்டு. மருத்துவம் இந்த எண்ணத்தை ஒருபோதும் ஆதரித்ததில்லை. இது உண்மையிலிருந்து பிறந்ததல்ல, கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்தது.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில் இந்த நோயைச் சேர்த்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் போராட்டம் அதற்கு முக்கியக் காரணமாக இருந்ததால், இது போர்வீரர்களின் நோய் என்றே பேர் பெற்றுவிட்டது. ஆனால் அந்த முதல் விளக்கத்திலேயே போரோடு வன்புணர்வும், வெள்ளமும் நிலநடுக்கமும், வாகன விபத்தும் இடம்பெற்றிருந்தன. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதை இன்னும் தெளிவாக வரையறுத்தது. மரணம், கடுமையான காயம், பாலியல் வன்முறை ஆகிய மூன்றில் ஒன்றுக்கு ஒருவர் நேரடியாக ஆளாகியிருக்கலாம், அது பிறருக்கு நேர்வதைக் கண்ணால் கண்டிருக்கலாம், நெருங்கியவருக்கு நேர்ந்ததை அறிந்திருக்கலாம், அல்லது மனித உடற்பகுதிகளைச் சேகரிப்பது போன்ற வேலையில் அதன் கோரத்தைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டிருக்கலாம். எதிரி யார், சீருடை அணிந்தவனா, எந்த நாட்டவன் என்ற கேள்வி அந்த வரையறையில் எங்கும் இல்லை.

ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ரொனால்ட் கெஸ்லரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் பொதுமக்களிடையே நடத்தி 1995-இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, எந்த அதிர்ச்சி எத்தனை பேரை நோயில் தள்ளுகிறது என்று கணக்கிட்டது. தம் வாழ்வின் மிக மோசமான அனுபவமாகப் போரைச் சொன்ன ஆண்களில் சுமார் 39 விழுக்காட்டினருக்கு பி.டி.எஸ்.டி. வந்திருந்தது. வன்புணர்வைச் சொன்ன பெண்களில் அது சுமார் 46 விழுக்காடு, ஆண்களில் 65 விழுக்காடு. போரைவிட ஆழமாக மனத்தைச் சிதைக்கும் கொடுமை ஒன்று உண்டு என்பது கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. அந்தக் கொடுமை படைமுகாம்களுக்குள்ளும் நடக்கிறது.

போரிட்டவர், போரிடாதவர் என்ற பிரிவினை முதல் உலகப் போரில் தொடங்கியது. 1915-இல் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 'லான்செட்' மருத்துவ இதழில் 'ஷெல் ஷாக்' என்னும் குண்டதிர்ச்சி பற்றி எழுதிய பிறகு, பிரிட்டிஷ் இராணுவம் மனம் குலைந்த வீரர்களை இரண்டு எழுத்துகளால் பிரித்தது. எதிரியின் குண்டு அருகில் வெடித்து நிலைகுலைந்தவருக்கு 'டபிள்யூ', அதாவது காயம்பட்டவர். குண்டு வெடித்ததற்குச் சான்று இல்லாதவருக்கு 'எஸ்', அதாவது நோயாளி. முதல் வகையினருக்குக் காயப் பட்டையும் ஓய்வூதிய உரிமையும் கிடைத்தன, இரண்டாம் வகையினருக்கு இரண்டும் இல்லை. இருவருக்கும் ஒரே நடுக்கம், ஒரே கெட்ட கனவு, ஒரே பேச்சிழப்பு. யார் எந்த எழுத்துக்கு உரியவர் என்பதை முடிவு செய்தது மருத்துவரின் பரிசோதனை அல்ல, படைப்பிரிவுத் தலைவர் அனுப்பும் சான்றிதழ். ஓய்வூதியச் செலவையும் போர்முனையில் ஆள் குறைவதையும் கட்டுப்படுத்த நினைத்த நிர்வாகத்துக்கு இந்தப் பிரிவினை வசதியாக இருந்தது. நூறாண்டு கடந்தும் அந்த இரண்டு எழுத்துகளின் நிழல் அமெரிக்காவின் இழப்பீட்டு விண்ணப்பங்களின் மீது விழுந்துகொண்டிருக்கிறது.

போர் இல்லாத நாளில் படைவீரர் என்ன காண முடியும் என்று கேட்பவர்கள் 2017 ஜூன் 17-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று அதிகாலை ஒன்றரை மணியளவில் ஜப்பான் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஃபிட்ஸ்ஜெரால்ட்' மீது ஒரு சரக்குக் கப்பல் மோதியது. நீர்மட்டத்துக்குக் கீழே பிளந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே பாய்ந்த இடம் 35 பேர் உறங்கிக்கொண்டிருந்த கூடம். அது ஒரு நிமிடத்துக்குள் நிரம்பிவிட்டதாகக் கடற்படையின் விசாரணை அறிக்கை கூறுகிறது. விழித்தவர்கள் இருட்டில், மிதக்கும் மெத்தைகளையும் அலமாரிகளையும் தள்ளிக்கொண்டு, இடுப்பளவு, கழுத்தளவு நீரில் ஏணிக்காக வரிசையில் நின்றார்கள். 28 பேர் மேலே வந்தார்கள், ஏழு பேர் வரவில்லை. மேலே வந்தவர்களில் ஒருவருக்குப் பத்தாண்டு கழித்தும் கதவடைத்த அறையில் தூங்க முடியவில்லை என்றால், எதிரி சுடவில்லையே என்று அவரிடம் யார் சொல்ல முடியும்?

டெலவேர் மாநிலத்தின் டோவர் விமானப்படைத் தளத்தில் இராணுவப் பிணவறை இருக்கிறது. 1978-இல் கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் ஒருசேர மாண்ட தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல்கள் அங்கேதான் வந்தன. 2001-இல் பென்டகன் மீதான தாக்குதலில் இறந்தவர்களும், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மாண்ட வீரர்களும் அங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே பணிபுரிபவர் ஒரு தோட்டாவின் ஓசையைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் பிணங்களைக் கையாள்வோரை ஆராய்ந்த இராணுவ மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட ஒன்று கவனிக்கத்தக்கது. சிதைந்த உடலைப் போலவே, இறந்தவரின் சட்டைப்பையில் இருக்கும் குழந்தையின் புகைப்படமும் பாதி எழுதிய கடிதமும் அவர்களை உலுக்குகின்றன. பெயரும் முகமும் குடும்பமும் வந்துவிட்ட பிறகு அந்த உடல் தன் வீட்டாருடையது போலாகிவிடுகிறது. செவிலியரின் கதையும் இதுபோன்றதே. வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் செவிலியர். ஆயுதம் ஏந்தாத அந்தப் பெண்களில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவுக்கு பி.டி.எஸ்.டி. இருந்ததை 1980-களில் நடந்த தேசிய வியட்நாம் வீரர் ஆய்வு பதிவு செய்தது.

இனி சட்டத்துக்கு வரலாம். முன்னாள் படைவீரர் விவகாரத் துறையிடம் பி.டி.எஸ்.டி.க்கு இழப்பீடு பெற மூன்று வேண்டும்: நோய் இருப்பதாக மருத்துவர் முடிவு, பணியில் நேர்ந்த சம்பவத்தோடு அந்த நோய்க்குத் தொடர்பு, அந்தச் சம்பவம் நடந்ததற்கு நம்பத்தக்க சான்று. எங்கும் போர் என்ற நிபந்தனை இல்லை. ஆகவே, சண்டைக்குப் போகாதவருக்கு உரிமையில்லை என்பது சட்டம் அறியாதவர் பேச்சு. அநியாயம் மூன்றாவது நிபந்தனையில்தான் ஒளிந்திருக்கிறது. 1941-இல் வந்த சட்டத்தின்படி, போரிட்டவர் தன் அனுபவத்தைச் சொன்னால் அந்தச் சொல்லே சான்று. குண்டுமழைக்கு நடுவே யாரும் குறிப்பெழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது அதன் நியாயம், அது சரியான நியாயமும்கூட. 2010 ஜூலையில், எதிரித் தாக்குதல் அல்லது பயங்கரவாதம் பற்றிய அச்சத்தால் நோயுற்றவர்களுக்கும் இந்தச் சலுகை பெருமளவு நீட்டிக்கப்பட்டது. பயிற்சி விபத்தில் தோழனை இழந்தவரும், முகாமுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவரும் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் காகிதம் கொண்டுவர வேண்டும்.

காகிதம் எங்கே இருக்கிறது? 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலிருந்த பணியாளர் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் எரிந்தன. அது ஒரு தலைமுறையின் துயரம். பாலியல் வன்முறையிலோ காகிதம் எரியவேண்டிய தேவையே இல்லை, பெரும்பாலும் அது எழுதப்படுவதே இல்லை. 2018-இல் சுமார் 13,000 பெண்களும் 7,500 ஆண்களும் படைக்குள் பாலியல் தாக்குதலுக்கு ஆளாகியிருக்கலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டது. அந்த ஆண்டு சுமார் மூவரில் ஒருவர்தான் புகார் செய்தார். மற்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். குற்றவாளி பெரும்பாலும் அதே படைப்பிரிவில் இருப்பவர், சிலவேளை புகாரை வாங்கவேண்டிய அதிகாரியே. குற்றம் நடந்ததை மறைக்கக் காரணமுள்ள நிறுவனத்திடமே போய் அதற்கான சான்றை வாங்கிவரச் சொல்வது எந்த ஊர் நீதி?

அப்படிப் பாதிக்கப்பட்ட முன்னாள் கடற்படை வீராங்கனை ரூத் மூர் தன் கதையை 2012-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். 1987-இல் 18 வயதில் அசோர்ஸ் தீவுகளில் பணியாற்றியபோது மேலதிகாரியால் வன்புணர்வு செய்யப்பட்டார். அவருக்கு ஆளுமைக் கோளாறு என்று எழுதிப் படையிலிருந்து அனுப்பினார்கள். இழப்பீட்டுக்காக அவர் இருபதாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

புகாரே இல்லாதபோது வேறு தடயங்களைக் கொண்டு முடிவு செய்யலாம் என்று முன்னாள் படைவீரர் விவகாரத் துறையின் 2002-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. திடீரென இடமாற்றம் கேட்டது, வேலைத் திறன் சரிந்தது, குடிக்கு அடிமையானது, வீட்டாருக்கு எழுதிய கடிதம் ஆகியவை அப்படிப்பட்டவை. நல்ல விதிதான், கடைப்பிடித்திருந்தால். துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, 2017-இன் ஆறு மாதங்களில் மறுக்கப்பட்ட சுமார் 2,700 பாலியல் அதிர்ச்சி விண்ணப்பங்களில் ஏறத்தாழ 1,300 முறையாகப் பரிசீலிக்கப்படவில்லை என்று மதிப்பிட்டது. பாதிப்பேரின் தலையெழுத்து அலுவலரின் கவனக்குறைவால் எழுதப்பட்டிருக்கிறது.

பணத்துக்காக நடிக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். நடிப்பவர் ஒருவரும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சந்தேகம் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2005-இல் இழப்பீடு பெறும் சுமார் 72,000 பி.டி.எஸ்.டி. கோப்புகளை மறுபடி தோண்டத் துறை திட்டமிட்டது. முதலில் எடுத்துப் பார்த்த கோப்புகளில் அகப்பட்ட குறைகள் அலுவலகத் தவறுகளாக இருந்தனவே தவிர மோசடியாக இல்லை. அதே ஆண்டு நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. புரூஸ் டோரன்வெண்டும் குழுவினரும் வியட்நாம் வீரர்கள் சொன்னவற்றை இராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு 2006-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். நோயுற்றோர் விகிதம் முந்தைய ஆய்வின் மதிப்பீட்டைவிடக் குறைந்து 18.7 விழுக்காடு ஆனது. பொய் சொன்னதற்கான சான்று மிகச் சொற்பமே கிடைத்தது.

போரிடாதவருக்குக் கொடுத்தால் போரிட்டவருக்குக் குறையும் என்ற பேச்சிலும் உண்மை இல்லை. இது சட்டம் கட்டாயமாக்கிய இழப்பீடு. தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் அரசு தந்தாக வேண்டும், ஒருவர் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பரிமாறுவதில்லை. போர் எது என்ற கோடும் உறுதியானதல்ல. 2009 நவம்பரில் டெக்சாஸின் ஃபோர்ட் ஹுட் முகாமில் ஓர் இராணுவ மனநல மருத்துவரே சுட்டதில் 13 பேர் இறந்தனர். காயமுற்ற வீரர்களுக்கு, எதிரியால் காயப்பட்டவர்களுக்கான 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் மறுக்கப்பட்டது. சட்டம் திருத்தப்பட்டு 2015-இல்தான் அது வழங்கப்பட்டது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் உடம்பிலிருந்த குண்டுக்காயம் மாறவில்லை, தாளிலிருந்த வகைப்பாடுதான் மாறியது.

மருத்துவ உதவியின் வாசல் இழப்பீட்டின் வாசலைவிட அகலமானது என்பதைப் பாதிக்கப்பட்டவர்கள் அறிந்திருக்க வேண்டும். படைக்குள் நேர்ந்த பாலியல் அதிர்ச்சிக்கான சிகிச்சை இலவசம். அதற்குப் புகார் நகலோ இழப்பீட்டு ஆணையோ தேவையில்லை. அதற்கென்று தனி ஒருங்கிணைப்பாளர் ஒருவர் துறையின் ஒவ்வொரு மருத்துவ அமைப்பிலும் இருக்கிறார். 1979-இல் தொடங்கப்பட்ட வீரர் ஆலோசனை மையங்கள் போரில் இறந்தோரின் உடல்களைக் கையாண்டவர்களையும், தொலைவிலிருந்து டிரோன் இயக்கியவர்களையும்கூட வரவேற்கின்றன. சிகிச்சைக்கு வீரரின் சொல்லை நம்பும் அரசு, இழப்பீட்டுக்கு மட்டும் அதே சொல்லை நம்ப மறுக்கிறது. நம்ப வழிசெய்யும் மசோதா ரூத் மூரின் பெயரில் 2013-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை. போரிட்டவரின் சொல்லுக்கு 1941-இல் தந்த மதிப்பை, போர்க்களம் காணாமல் நோயுற்றவரின் சொல்லுக்கும் அந்த நாடாளுமன்றம் தர வேண்டும்.