உடம்பு வெறும் கூடா?



ஜனாஸா எரிப்புப் பற்றிக் கதை வந்தாலே நம்மவர்கள் சிலர், "ரூஹ் போயிட்டுது, உடம்பு வெறும் கூடுதானே, இன்னும் ஏன் அதையே கதைக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். படித்தவர்களே கேட்கிறார்கள்.

இதற்கு மறுப்பு நம்ம அம்பிட்டியவிலேயே படிப்பிக்கப்பட்டது. இங்கே குருமடத்தை 1893இல் நிறுவியவர் பாப்பரசர் 13ஆம் லியோ. 1955இல் அது புனேக்குப் போனது. இப்போது இங்கிருப்பது தேசிய குருமடம். அதே லியோதான் 1879இல் சுற்றுமடல் எழுதி, தோமஸ் அக்குவைனாஸின் மெய்யியலைக் கத்தோலிக்கக் கல்விக்கு வழிகாட்டியாக்கினார்.

"கிறிஸ்தவ மெய்யியல் நமக்கெதற்கு?" என்பீர்கள். அக்குவைனாஸ் அரிஸ்டோட்டிலைப் படித்ததே இப்னு ருஷ்தின் உரையோடுதான். 'உரையாசிரியர்' என்றாலே அவருக்கு இப்னு ருஷ்த்.

வெளியில் மிதந்தபடி, எதையும் தொட்டுணராத ஒரு மனிதனைக் கற்பனை செய்தார் இப்னு சீனா. அவனுக்கும் தான் இருப்பது தெரியும். ஆகவே ஆன்மா வேறு, உடம்பு வேறு என்றார். அக்குவைனாஸ் அந்தப் பிரிவை ஏற்கவில்லை. ஆன்மா உடம்பில் குடியிருக்கும் வாடகைக்காரன் அல்ல. உடம்பை மனித உடம்பாக்குவதே அதுதான், மெழுகில் பதிந்த முத்திரை போல. ஆன்மா மட்டும் மனிதன் ஆகாது என்பது அவர் முடிவு.

"உயிர் பிரிந்தபின் அது மனித உடம்பல்ல என்றும் அவர்தானே சொன்னார்?" உண்மை. ஆனால் உடம்பைப் பிரிந்த ஆன்மாவும் மறுமையில் எழுப்பப்படும்வரை குறையாகவே இருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார்.

எரித்தாலும் அல்லாஹ் எழுப்புவான், சந்தேகமில்லை. நம் பௌத்த, இந்து அயலவர்கள் தம் உறவுகளை மரியாதையோடுதான் எரிக்கிறார்கள். நம் முறைப்பாடு கட்டாயத்தைப் பற்றியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரல் வர்த்தமானியிலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொரோனாவில் மௌத்தான முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் எரித்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. வெறும் கூட்டுக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா?

உடம்பு கூடுதான் என்றால், மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, தோளில் சுமப்பது ஏன் என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதற்குப் பதில் இல்லாதவர்கள் அந்த வார்த்தையைப் பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள்.