தேனீ வரப்பைப் பார்த்தா பறக்கிறது?

பூச்சி மருந்து அடித்த வயலோடு முடிந்துவிடும் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வெண்டைக்கு அடித்தது வெண்டைக்கு, கத்தரிக்கு அடித்தது கத்தரிக்கு! ஆனால் தேனீ வரப்பைப் பார்த்தா பறக்கிறது? குற்றாலப் பகுதி மலைகளில் உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் அடை கட்டும் மலைத்தேனீ, சில கிலோமீட்டர் தூரம்கூட இரை தேடிப் போகும். புதரில் சிறிய அடை கட்டும் கொம்புத்தேனீக்கோ அருகிலுள்ள தோட்டமே உலகம். அங்கே மருந்து அடித்தால் அது எங்கே போகும்?

கல்கத்தா பல்கலைக்கழக அறிஞர்கள் மருந்து மிகுதியாகப் பயன்படும் விளைநிலங்களில் வாழும் மலைத்தேனீயையும் அடுக்குத் தேனீயையும், மருந்து குறைந்த பகுதித் தேனீக்களோடு ஒப்பிட்டு 2015ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மருந்து மிகுந்த இடத்துத் தேனீக்களுக்கு மணம் அறியும் ஆற்றல் குன்றியிருந்தது. மணம் அறியாத தேனீ பூவை எப்படிக் கண்டுபிடிக்கும்? அமெரிக்காவின் கொலராடோவில் 2013, 2014 ஆண்டுகளில் பிடித்த காட்டுத் தேனீக்களிலும் மருந்தின் எச்சம் இருந்தது. கோதுமை வயலில் பிடித்தவற்றில் மட்டுமல்ல, புல்வெளியில் பிடித்தவற்றிலும்தான்!

நம் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியை அறியாதார் உண்டோ? சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துப் போகிறார்கள். அவர்களுக்கு அது அழகு. பயிரிட்டவருக்கு அது கடனும் வட்டியும். தேனீ வராவிட்டால் பூத்தட்டில் பாதி பொக்காகிவிடும். அதனால்தான் காலை நேரத்தில் மெல்லிய துணியால் பூவை ஒற்றி மகரந்தம் சேர்க்கும்படி வேளாண்மைத் துறையினர் சொல்கிறார்கள். தேனீ கூலி வாங்காமல் செய்யும் வேலை அது!

இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளை விதையிலேயே பூசிவிடுகிறார்கள். அது செடியின் சாற்றோடு ஏறிப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கிறது. தேனீ வளர்ப்போர் முறையிட்டதால் பிரான்சு நாடு 1999இல் சூரியகாந்தி விதைக்கு இதைப் பூசுவதை நிறுத்தி வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்த வெளிப் பயிர்களில் இதற்கும் இதன் இனத்து மருந்துகள் இரண்டுக்கும் தடை விதித்தது.

மருந்தே கூடாது என்பது என் கருத்தன்று. காய்ப்புழு விழுந்த கத்தரியைச் சந்தையில் யார் வாங்குவார்? விவசாயி வீட்டுப் பெண்ணாகிய எனக்கு அது தெரியும். ஆனால் பூத்திருக்கும் வேளையில், அதுவும் தேனீ மொய்க்கும் காலையில், ஏன் அடிக்க வேண்டும்? காரணம் எளியது. ஆட்கள் மதியத்தோடு வேலை முடித்துப் போய்விடுவார்கள். மாலையில் வரச் சொன்னால் தனிக் கூலி. அந்தக் கூலியைக் கொடுக்கலாம் என்பதே என் எண்ணம். பெற்றோர்களே, துணியால் ஒற்றுவதற்குப் பத்து ஆள் பிடிப்பதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். விதையில் பூசிய மருந்துக்கு மாலையும் காலையும் ஒன்றுதான். ஆகையால் வாங்கும்போதே என்ன பூசியிருக்கிறது என்று கேளுங்கள். மருந்துக் கடைக்காரர் சொல்லே வேதவாக்கு என்று வந்துவிடாதீர்கள்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மருந்தின் எச்சம் கண்டறியும் ஆய்வகம் இருக்கிறது. மலையிலும் குளக்கரையிலும் காய்கறித் தோட்டத்திலும் நம் பகுதித் தேனீக்களைத் தனித்தனியே எடுத்து அங்கே சோதிக்கும்படி நம் பள்ளி அறிவியல் மன்றம் ஒரு விண்ணப்பம் எழுதலாமே. கையெழுத்திட நான் தயார்; என் வகுப்புத் தோழியர் பலரும் தயார்.