இழுப்பது வேறு, ஆள்வது வேறு

துறைமுகத்திலிருந்து புறக்கோட்டை வரை பாரம் ஏற்றிய மாட்டு வண்டில்கள் வரிசையாகச் சென்ற காலம் ஒன்று கொச்சிக்கடைக்கு இருந்தது. அவ்வண்டில்களை ஓட்டியோர் பௌதிகவியல் கற்றவரல்லர். ஆயினும், மூட்டைகளை அடுக்கியபின் பாரம் எப்பக்கம் சாய்கிறதென்று நோக்காமல் புறப்படுதல் அவர்தம் வழக்கமன்று. பின்புறம் பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்புறம் மிகுந்தால் நுகம் மாட்டின் பிடரியை நசுக்கும். ஆதலால் ‘முன்பாரம் சற்றே இருக்கவேண்டும், மிகுதல் ஆகாது’ என்பது அவர்களுடைய விதி.

இவ்விதியை இன்று நினைவூட்ட வேண்டிய தேவை ஒன்றுண்டு. கனடாவிலே ரொறன்ரோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மவர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அந்நாட்டிலே கோடை விடுமுறை வந்ததும், படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அமைந்த வீட்டு றெயிலர் ஒன்றைப் பிக்கப் வாகனத்தின் பின்னே கொளுவிக்கொண்டு, குடும்பத்தோடு ஏரிக்கரைகளுக்குச் செல்வது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அவ்வாறு செல்ல விழையும் ஒருவர் முதலிற் கேட்கும் கேள்வி, “இந்தப் பிக்கப் இவ்வளவு பெரிய றெயிலரை இழுக்குமா?” என்பதே. கேள்வி நியாயமானதுதான், ஆனால், போதுமானதன்று. இழுப்பது இயந்திரத்தின் வேலை. இழுத்ததை நேராக நடத்துவதும், வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் வேறு வேலைகள். பெரும்பாலான இடர்கள் பின்னைய இரண்டிலேதான் விளைகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். விளம்பர ஏட்டிலே ஒரு பிக்கப் 4000 கிலோ வரை இழுக்கும் என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். றெயிலரின் எடை, பொருள்கள் அனைத்தும் ஏற்றியபின் 3000 கிலோ. ‘இன்னும் 1000 கிலோவுக்கு இடமுண்டு’ என்று வாங்குபவர் மகிழ்வார். ஆனால் ஓட்டுநர் பக்கத்துக் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு தகட்டை அவர் வாசிப்பதில்லை. பிக்கப் தன்மீது தாங்கக்கூடிய ஆட்கள், பொருள்கள் ஆகியவற்றின் மொத்த எடை அதிலே குறிக்கப்பட்டிருக்கும். அது 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். றெயிலரின் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கொளுவியின் மீது அழுத்துமாயின் அது 360 கிலோ. கொளுவிச் சாதனங்கள் 40 கிலோ. குடும்பத்தினர் ஐவர் 350 கிலோ. பின்தட்டிலே விறகும் சைக்கிள்களும் 100 கிலோ. கூட்டினால் 850 கிலோ! இழுவை எல்லைக்கு 1000 கிலோ குறைவாக நிற்கும் அதே வாகனம், தாங்கும் எல்லையை 100 கிலோ கடந்துவிட்டது. இலேசு வகைப் பிக்கப்புகளிலே முதலில் முட்டும் எல்லை பெரும்பாலும் இதுவேயாகும்.

அந்த 360 கிலோ எங்கே அழுத்துகிறது என்பதும் கருதத்தக்கது. கிணற்றடியில் துலா மிதித்த யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. துலாவின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழும். கொளுவி, பின் அச்சுக்கு ஒன்றரை மீற்றர் பின்னே இருக்கிறது. இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 3.6 மீற்றர் எனின், பின் அச்சே துலாவின் ஆடுகால். திருப்பங்களைச் சமப்படுத்தினால், முன் சில்லுகளின் மீதிருந்து 150 கிலோ நீங்கிவிடும். பின் சில்லுகளின் மீது 510 கிலோ கூடும். வாகனத்தைத் திருப்புபவையும், பிறேக் விசையின் பெரும்பங்கைத் தாங்குபவையும் முன் சில்லுகளே. அவை தரையைப் பற்றும் வலிமை குன்றுமாயின் ஸ்ரியறிங் கையில் இருந்தும் என்ன பயன்? இதற்காகவே, வில் உருக்குச் சட்டங்களைக் கொண்டு பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கு மீளச் செலுத்தும் கொளுவிகள் உண்டு. பெரிய றெயிலருக்கு அவை பெரிதும் வேண்டற்பாலன. ஆயினும், கதவோரத் தகட்டின் எல்லையை அவை உயர்த்துவதில்லை.

‘அவ்வாறாயின் முன்பாரத்தைக் குறைத்துவிடலாமே’ என்று மாணவர் ஒருவர் வினவக்கூடும். அங்கேதான் பெரிய அபாயம் இருக்கிறது. முன்பாரம் குறைந்த றெயிலர் வேகம் ஏற ஏற மீனின் வாலைப்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். ஒரு குறித்த வேகத்துக்குக் கீழே அந்த ஆட்டம் தானாகவே அடங்கிவிடும்; அவ்வேகத்தைக் கடந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதிலும் பெரிதாகி, ஈற்றில் இழுக்கும் வாகனத்தையும் வீதியைவிட்டுத் தள்ளிவிடும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தினர் இதனைப் பரிசோதனை மூலம் ஆராய்ந்துள்ளனர். றெயிலரின் பாரம் எங்கே இருக்கிறது, எவ்வாறு பரந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் அது இழுக்கப்படுகிறது என்பனவே உறுதிநிலையைத் தீர்மானிப்பன. ஆதலால் வட அமெரிக்காவில், றெயிலரின் மொத்த எடையில் நூற்றுக்குப் 10 முதல் 15 வரை கொளுவியின் மீது இருக்கவேண்டும் என்பர். கனமான பொருள்களை அச்சுக்கு அண்மையிலும் தாழ்வாகவும் வைத்தல் வேண்டும். இரு முனைகளிலும் சமமாகப் பாரம் ஏற்றினாற் போதும் என்று கருதுதல் தவறு. முனைகளில் உள்ள பாரம் ஆட்டத்தை அடக்கவிடாது.

சிறு மாற்றமும் பெரும் விளைவைத் தரும். முன்னர்க் கூறிய றெயிலரின் பின்புறத்தில், அச்சுக்கு இரண்டு மீற்றர் பின்னே, 200 லீற்றர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது; கொளுவி அச்சுக்கு ஆறு மீற்றர் முன்னே இருக்கிறது எனக் கொள்க. தொட்டியை நிரப்பியதும் 360 கிலோவாக இருந்த முன்பாரம் 293 கிலோவாகக் குறையும். மொத்த எடையோ 3200 கிலோவாக ஏறும். நூற்றுக்குப் பன்னிரண்டாக இருந்த பங்கு ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. தண்ணீரை நிரப்பியவர் எவ்விதக் குற்றமும் செய்ததாக நினைக்கமாட்டார். ஆனால் நெடுஞ்சாலை அவரை மன்னிக்காது.

நமது கொச்சிக்கடையில் நின்று துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் வாகனங்களைச் சற்றே உற்றுநோக்குங்கள். அங்கே பின்வண்டியின் முன்பகுதி, இழுக்கும் வாகனத்தின் வாலிலே தொங்குவதில்லை. அதன் பின் அச்சின் மேலேயே அமர்ந்திருக்கிறது. ஆதலின் துலாவைப்போல் முன் சில்லுகளைத் தூக்கும் தன்மை அதற்கில்லை. வட அமெரிக்காவிலும் மிகப் பெரிய வீட்டு றெயிலர்கள் சிலவற்றை இவ்வாறே பிக்கப்பின் பின்தட்டின் நடுவிலே பொருத்துகின்றனர். அம்முறையிலும் தாங்கும் எல்லை தப்புவதில்லை. ஆட்டம் மட்டுமே குறைகிறது.

அடுத்தது நிறுத்தும் வலிமை. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமனானது என்பதை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். மணிக்கு 80 கிலோமீற்றரிலிருந்து 100க்கு ஏறினால் வேகம் காற்பங்கே கூடுகிறது. பிறேக்குகள் விழுங்கவேண்டிய சக்தியோ அரைப்பங்குக்கு மேலாகக் கூடிவிடுகிறது. ஆகையால் பெரிய றெயிலருக்குத் தனியாகப் பிறேக் இருத்தல் இன்றியமையாதது. ஒன்ராறியோ மாகாணத்தில் 1360 கிலோவும் அதற்கு மேற்பட்டதுமான றெயிலர்களுக்கு இதனைச் சட்டமே விதிக்கிறது. ஓடும் வீட்டு றெயிலருக்குள் ஆட்கள் இருத்தலையும் அச்சட்டம் தடுக்கிறது. குழந்தைகள் உறங்குகிறார்களே என்று அவர்களை உள்ளே விட்டுச் செல்ல எண்ணும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்க.

கடுகண்ணாவை இறக்கத்தில் பாரவாகனங்கள் மெல்ல ஊர்ந்து வருவதைக் கண்டவர்களுக்கு மலைவழி பற்றிய பாடமும் தெரிந்திருக்கும். இறக்கம் தொடங்குமுன்னரே கீழ்க் கியருக்கு மாறி, இயந்திரத்தையே வேகத்தைத் தடுக்கும்படி விடவேண்டும். பிறேக்கை ஓயாது மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறித் தன் வலிமையை இழக்கும். மிகத் தேவையான கணத்தில் கைகொடாது.

“இது கனடாவில் உள்ளவர்களுக்கு உரியது, நமக்கென்ன?” என்று எண்ணவேண்டாம். வன்னியிலே வற்றாப்பளைப் பொங்கலுக்கும், வயல்களுக்கும், உறவினர் வீடுகளுக்கும் இரு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் குடும்பம் குடும்பமாகச் செல்வோர் உளர். ரே விஜேவர்தன (1924–2010) என்ற இலங்கை அறிஞர் 1950களில் உருவாக்கத் துணைநின்ற ‘லாண்ட்மாஸ்டர்’ என்பதன் பெயர், அவ்வகை இயந்திரங்கள் அனைத்துக்கும் நம் மக்களிடையே பொதுப்பெயராகிவிட்டது. அதை ஓட்டுவோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால், வலச்சில்லு மட்டும் உந்த, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ பெட்டியின் பாரம் பின்னிருந்து தள்ளுகிறது. இயந்திரம் சில்லுகளை உந்தாது தடுக்கிறது. அப்போது இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால், விடுபட்ட இடச்சில்லு முன்னோட, தடுக்கப்பட்ட வலச்சில்லு பின்தங்க, இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும்! குளக்கட்டிலிருந்து இறங்கும்போது இவ்வறியாமை ஒரு குடும்பத்தையே கவிழ்க்கப் போதுமானது. இறக்கத்தில் கீழ்க் கியரில், கிளச்சைத் தொடாது, கைப்பிடியை வலிந்து திருப்பியே செல்லல் வேண்டும். பெட்டியின் கால்பிறேக் புறப்படுமுன் சோதிக்கப்படல் வேண்டும்.

வீட்டு றெயிலருடன் புறப்படுவோர் செய்யத்தக்கவற்றைச் சுருக்கிக் கூறுவோம். பயணத்துக்கு ஏற்றியபடியே நிறுவைத் தளத்துக்குக் கொண்டுசென்று எடை பாருங்கள். விற்பனையாளரின் சொல் நிறுவையாகாது. கொளுவி பூட்டியதையும், பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் கீழே குறுக்காகக் கொளுவப்பட்டதையும், றெயிலர் கழன்றால் அதன் பிறேக்கைத் தானே இயக்கும் கம்பி இணைக்கப்பட்டதையும் கையால் தொட்டுப் பாருங்கள். ரயர்களின் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளவிடுங்கள். வழியில் றெயிலர் ஆடத் தொடங்கினால் வேகத்தைக் கூட்டவேண்டாம். பிக்கப்பின் பிறேக்கை வலிந்து மிதிக்கவும் வேண்டாம். ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்து, வேகமிதியிலிருந்து காலை எடுத்து, றெயிலரின் பிறேக்கை மட்டும் அதற்குரிய கைப்பிடியால் மெல்ல இயக்குக. ஆட்டம் அடங்கியபின் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாரத்தை மாற்றி அடுக்குக. மாற்றாமல் மீண்டும் புறப்படுதல் கூடாது.

வெளிநாட்டிலிருக்கும் மகனோ மருமகனோ புதிய பிக்கப்பின் படத்தை அனுப்பி, எவ்வளவு இழுக்கும் என்று பெருமையுடன் எழுதும்போது, பெற்றோர் மகிழ்ந்து வாழ்த்துவது இயல்பே. அவ்வாழ்த்தோடு இன்னும் இரு கேள்விகளையும் சேர்த்தனுப்புங்கள்: “கதவோரத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? முன்பாரம் எத்தனை கிலோ?” இவ்விரண்டுக்கும் இலக்கத்தில் விடை வருமாயின், பேரப்பிள்ளைகளின் விடுமுறையைப் பற்றிக் கவலையின்றி இருக்கலாம்.