தொண்டரும் நாமும்

தீவிலுள்ள ஊருக்குக் குப்பையை ஒளிக்க இடமில்லை. எறிந்ததைக் காற்று கடலிற் சேர்க்கும். கடலோ அதனை மீண்டும் கரையிற் சேர்க்கும். இராமேசுவரத்து அக்கினி தீர்த்தக் கரையில் இதனைக் கண்கூடாகக் காணலாம். நீராடுவோர் களைந்த பழந்துணிகளும் பிளாஸ்டிக் பைகளும் அலையோடு வந்து ஒதுங்குகின்றன. அவற்றை ஊதியம் கருதாது அகற்றும் தொண்டர் சிலரைச் சென்ற விடுமுறையிற் கண்டேன். யான் எறிந்த பொட்டலக் காகிதத்தையும் அவருள் முதியவர் ஒருவர் குனிந்தெடுத்தார். ஒரு சொல்லும் கடிந்திலர். யான் நாணித் தலைகுனிந்தேன்.

தொண்டரைப் புகழ்தல் எளிது. அவர் கை ஓயாதவாறு எறிந்துகொண்டே புகழ்வது புகழாகுமோ? ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை நம் மாநில அரசாங்கம் 2019 சனவரி முதல் தடைசெய்துள்ளது. சட்டம் கடைவாயில் வரை வரும். நம் கையைத் தடுக்க நம் மனச்சான்றே வேண்டும். இத்தீவையடுத்த மன்னார் வளைகுடாவில் 1986-இல் கடல்வாழ் உயிர்களுக்கெனத் தேசியப் பூங்கா அமைக்கப்பெற்றது. அங்குள்ள ஆமையும் பவளப்பாறையும் நம் சோம்பலுக்குத் தண்டனை பெறுவது எந்நீதி?

மாணவ நண்பர்காள்! அத்தொண்டரோடு ஒருநாள் குனிதல் நன்று. நம்பொருட்டு அவர் குனிய வேண்டாதபடி ஒழுகுதல் அதனினும் நன்று.